பழைய படங்களில் ஊர் விவசாயத்தைத் தேடுவது எப்படி?

விவசாயத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று நம் கிராமங்களில் அந்தக் காலத்தில் அனேகமாக யாரும் கேமராவைத் தூக்கியதில்லை. கல்யாணத்துக்கு எடுத்தார்கள், காதுகுத்துக்கு எடுத்தார்கள், இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தார்கள், மந்திரி வந்தால் எடுத்தார்கள். புது டிராக்டருக்கு மாலை போட்டுப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டார்கள். ஏர் ஓட்டுவதும் நாற்று நடுவதும் வருஷா வருஷம் நடப்பதுதானே, அதற்கு எதற்கு ஒரு ஃபிலிம் செலவு?

ஆகவே உங்கள் ஊரின் வேளாண்மை வரலாற்றைப் படங்களில் சேகரிக்கக் கிளம்பி, "விவசாயப் படம் ஏதாவது இருக்கா?" என்று வீடு வீடாகக் கேட்டால், "அதெல்லாம் இல்லை" என்ற பதில்தான் வரும். வேறு எதற்கோ எடுத்த படத்தின் ஓரத்திலும் முதுகுப் பக்கத்திலும்தான் வயலும் களமும் மாடும் ஆளும் இருக்கும். இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர் முதலில் பழக வேண்டியது அந்த ஓரத்தைப் பார்க்கத்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கே தொடங்குவது

ஒரே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு முழுக்க, மாவட்டம் முழுக்க என்று கிளம்பினால் ஆறு மாதத்தில் கைவிட்டுவிடுவீர்கள். சொந்த ஊர், இல்லையென்றால் அம்மா பிறந்த ஊர். படத்தைக் காட்டினால் "இது இன்னார்" என்று சொல்ல ஆள் இருக்கும் ஊராக இருந்தால் போதும்.

சொந்த வீட்டு டிரங்குப் பெட்டிக்குப் பிறகு போக வேண்டிய இடங்கள்: ஊரில் முதலில் பம்புசெட் போட்டவர் வீடு, முதல் டிராக்டர் வாங்கியவர் வீடு, பழைய கிராம முன்சீப், கர்ணம் வீடுகள் (அந்தப் பரம்பரைப் பதவிகள் 1980ல் ஒழிக்கப்பட்டாலும் பெட்டிகள் அங்கேயேதான் இருக்கின்றன), கூட்டுறவுச் சங்கக் கட்டடம், அரிசி ஆலை, பள்ளிக்கூடம். பக்கத்து டவுனில் பழைய ஸ்டூடியோ ஏதாவது பெயர்ப்பலகையோடு மிச்சம் இருந்தால் கட்டாயம் விசாரியுங்கள். டிஜிட்டல் வந்த காலத்தில் நெகட்டிவ்களைக் குப்பையில் கொட்டியவர்கள் நிறைய. ஆனால் மாடியில் அட்டைப் பெட்டியில் போட்டு மறந்தவர்களும் உண்டு.

கூலி வேலை செய்தவர்களின் வீடுகளில் படம் குறைவாகத்தான் இருக்கும். 1980களுக்கு முன் எடுத்தது ஒன்றுகூட இல்லாத வீடுகளே அதிகம். அதற்காக அந்தத் தெருவை விட்டுவிடாதீர்கள். அவர்களுடைய அப்பாவும் பாட்டியும் பண்ணை வீட்டுப் படங்களின் ஓரத்தில் நிற்கிறார்கள். அந்தப் படத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு அவர்களிடம்தான் போக வேண்டும். எடுத்தவர் வீட்டில் கிடைக்காத பெயர் அங்கே கிடைக்கும்.

பிரதி எடுத்தல்

யார் வீட்டுப் படத்தையும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். "நாளைக்குக் கொடுத்துடறேன்" என்று வாங்கிப்போன படம் திரும்பி வராத கதை ஊருக்கு ஊர் உண்டு. அந்தக் கசப்பால்தான் பலர் படத்தைக் காட்டவே தயங்குகிறார்கள். லேப்டாப்பும் சின்ன ஸ்கேனரும் எடுத்துப் போய் அவர்கள் கண்முன்னே வேலையை முடித்துவிடுங்கள்.

சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற ஸ்கேனர் கணக்கு) போதும். பாஸ்போர்ட் அளவுக்குச் சின்னதாக இருந்தால் 1200, நெகட்டிவ் என்றால் 2400க்குக் குறையாமல் வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பு ஏறிய விதம், பென்சில் கோடு, ஊதா நிற முத்திரை எல்லாம் கலரில்தான் தெரியும். மூலக் கோப்பை டிஃப் (TIFF) வடிவத்தில் வைத்துக்கொண்டு, பகிர மட்டும் ஜேபெக் பிரதி எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் செய்யுங்கள். பாதித் தகவல் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

ஸ்கேனர் இல்லையா? ஃபோனே போதும், கொஞ்சம் கவனம் வேண்டும். நேர் வெயில் படாத திண்ணையில் படத்தைத் தட்டையாக வைத்து, ஃபோனை அதற்கு இணையாகப் பிடியுங்கள். ஃப்ளாஷ் கூடாது. பளபளப்பான படத்தில் உங்கள் சட்டையே தெரியும்; கறுப்புத் துண்டைப் போர்த்திக்கொண்டால் அது போய்விடும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் அசல் அளவு பின்னால் உதவும்.

சட்டத்துக்குள் இருக்கும் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயல வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு சேர்ந்துவிடும். இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கும், காகிதம் மட்டும் கையில் வரும். அப்படியே கண்ணாடி வழியாக எடுங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கிடக்கும் படங்களுக்கும் இதுதான் விதி. தூசியை உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் மட்டும் தட்டலாம். ஈரத் துணி, விபூதி, பஞ்சு எதுவும் கூடாது. பழைய படங்களின் ஓரத்தில் நீலமாக ஒரு வெள்ளிப் பூச்சு மின்னும். அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள், அது படத்திலிருக்கும் வெள்ளியே மேலே வந்தது.

வீட்டுக்காரர் கேட்டால் சொல்லுங்கள்: பெட்டியில் அந்துருண்டை வேண்டாம், பிளாஸ்டிக் கவர் வேண்டாம், காகித உறை போதும், ஓட்டுக்குக் கீழே பரணில் வைக்காமல் பீரோவின் நடுத்தட்டில் வைக்கலாம். பின்னால் எழுதுவதென்றால் மென்மையான பென்சில். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

இன்னொன்று. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் பாதித் துல்லியம் போய்விடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களிடமிருந்து வாங்கும்போது இதைச் சொல்லாமல் விட்டால், தபால்தலை அளவுக்குக் கலங்கலான ஒன்றுதான் வந்து சேரும்.

எப்போது எடுத்தது?

முதலில் பின்பக்கம். ஆண்டு எழுதியிருந்தால் நல்லது. தமிழ் வருஷம் எழுதியிருந்தால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 'ஜய வருஷம் தை' என்று இருந்தால், ஜய 1954–55லும் 2014–15லும் வந்தது. காகிதத்தைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். ஆனால் தை, மாசி, பங்குனி எல்லாம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழுவதால் அது 1955 ஜனவரி–பிப்ரவரி. பசலி (வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு) போட்டிருந்தால் 590ஐக் கூட்டுங்கள்: பசலி 1365 என்பது 1955 ஜூலையில் தொடங்கி 1956 ஜூனில் முடிகிறது.

ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிறகு அடித்த முத்திரை. முத்திரையில் உள்ள மாவட்டப் பெயரும் உதவும். புதுக்கோட்டை 1974ல் தனி மாவட்டம் ஆனது, ஈரோடு 1979ல் கோவையிலிருந்து பெரியார் மாவட்டமாகப் பிரிந்தது, திண்டுக்கல் 1985ல் மதுரையிலிருந்து பிரிந்தது. 'தென்னாற்காடு' என்றிருந்தால் 1993க்கு முன்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, படத்துக்குள் இருக்கும் சுவர்கள். நம் ஊர்ச் சுவர்களைப் போல ஆண்டு சொல்லும் ஆவணம் வேறு இல்லை. நுகத்தடியோடு இரட்டைக் காளை வரைந்திருந்தால் அது 1969ல் உடைவதற்கு முந்தைய காங்கிரஸ். பசுவும் கன்றும் 1971 தேர்தலையொட்டி வந்து 1970களின் கடைசி வரை இருந்த இந்திரா காங்கிரஸ் சின்னம். கை அதற்குப் பிறகு வந்தது. இரட்டை இலை 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் தொடங்குகிறது. அரசுப் பலகையில் 'சென்னை மாநிலம்' என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியது. எழுத்தையும் பாருங்கள்: லை, ணை, னை ஆகியவற்றில் யானைத் துதிக்கை போல மேலே சுழித்த பழைய வடிவம் இருந்தால், அது 1978 அக்டோபர் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய பழக்கம். கடைப் பலகையில் வீசை, சேர் என்றிருந்தால் படம் 1960களின் தொடக்கத்துக்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு குறைவு. அதற்குள் கிலோ கட்டாயமாகிவிட்டது. லாரி, டிராக்டரின் நம்பர் பலகையில் 'டிஎன்' என்பதை அடுத்து இரண்டு இலக்க எண் வந்தால் 1989க்குப் பிறகு.

பயிரும் கருவியும் கடைசியில். ஆள் நெஞ்சு உயரம் வளர்ந்து, கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தால் நாட்டு ரகம். இடுப்புக்குக் கீழே குட்டையாக, நிமிர்ந்து நின்றால் ஐ.ஆர். 8 வகையறா, அது உலகத்துக்கே 1966ல்தான் வந்தது. கொங்குப் பக்கம் கிணற்றடியில் மின்கம்பி தெரிந்தால் 1932ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு. சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கியது 1960ல். ஊருக்கு வந்த முதல் டிராக்டர் பெரும்பாலும் அதற்குப் பின்னாலாக இருக்கும், அதற்கு முன் என்றால் இறக்குமதி வண்டி. மாட்டு வண்டிக்கு மரச்சக்கரமா, டயரா என்று பாருங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட தடயங்கள் 'இதற்குப் பிறகு' என்பதை உறுதியாகச் சொல்லும். 'இதற்கு முன்' என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்லாது. சுவரில் போட்ட சின்னம் அடுத்த வெள்ளையடிப்பு வரை பல வருஷம் நிற்கும். பழைய எழுத்தில் பழகிய பெயிண்டர் சாகும்வரை அப்படித்தான் எழுதினார். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடும்போதும் இந்தத் தோட்டத்தில் மாடு பூட்டிக் கிணற்று நீரைக் கவலையில் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஒரே தடயத்தை நம்பி ஆண்டு எழுதாதீர்கள். இரண்டு மூன்று ஒத்துவந்தால் '1966–72 வாக்கில்' என்று எழுதுங்கள், போதும். சரியாக 1968 என்று எழுதி ஊரை ஏமாற்ற வேண்டியதில்லை.

காகிதமும் பேசும். சதுரமான சின்னக் கறுப்பு வெள்ளைப் படங்கள் 120 ஃபிலிம் போட்ட கிளிக் த்ரீ போன்ற சாதாரணக் கேமராக்களில் எடுத்தவை. ஊரில் வசதியான வீட்டுப் பையன் ஒருவன் வைத்திருப்பான். ஸ்டூடியோக்காரர் வராத நேரத்தில் எடுத்ததால் விவசாயம் அதிகம் அகப்படுவது இந்தச் சதுரப் படங்களில்தான். சிவப்பேறிய கலர் படம் என்றால் பெரும்பாலும் 1980கள்.

ஒரு படத்தைப் படித்துப் பார்ப்போம்

மதுரைக்குத் தெற்கே ஒரு வீட்டில் பார்த்த சதுரப் படம். நடுவில் புது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. எடுத்தவருக்கு வேண்டியது அவ்வளவுதான். வீட்டுக்காரர்களும் "எங்க அப்பா, அவருக்கு வாங்கின முதல் சைக்கிள்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்கள்.

சைக்கிளை விட்டுவிட்டுப் பின்னால் பாருங்கள். பையன் நிற்பது வாசலில் இல்லை, களத்தில். இடது பக்கம் பாதி போட்ட படப்பு (வைக்கோல் போர்), அதாவது கதிரடிப்பு இன்னும் முடியவில்லை. சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே ஒரு நெல் குவியல், அதன் மேல் வெள்ளையாகக் கோடுகள். இரவில் யாரும் கை வைத்தால் தெரியட்டும் என்று போட்ட சாம்பல் குறி அது. குவியலுக்குப் பக்கத்தில் நெல் அளக்கும் மரக்கால் கவிழ்ந்து கிடக்கிறது. கூலி காசாக இல்லாமல் நெல்லாக அளக்கப்போகிறார்கள். வலது ஓரத்தில் இரண்டு பெண்கள் முறத்தால் தூற்றுகிறார்கள். ஒருத்தியின் முகம் தெரிகிறது. இன்னொருத்தியைப் படத்தின் விளிம்பு தோளோடு வெட்டிவிட்டது. தூசி எல்லாம் இடது பக்கம் போகிறது, காற்றின் திசையும் கிடைத்துவிட்டது.

மாதம் தை அல்லது மாசி என்று ஊகிக்கலாம். அந்த இரண்டு பெண்களின் பெயரை ஊகிக்க முடியாது. படத்தைப் பெரிதாக ஒரு தாளில் அச்சடித்துக் கீழத்தெருவில் ஒரு பாட்டியிடம் கொடுத்தபோது, அவர் முகம் தெரிந்தவளை விட்டுவிட்டு வெட்டுப்பட்ட கையைக் காட்டி, "இது எங்க ஆத்தா. அந்தப் பித்தளைக் காப்பு அவ மட்டுந்தான் போட்டிருப்பா" என்றார். இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த வேலை எல்லாம்.

பெரியவர்களிடம் கேட்பது

"யார் இது?" என்று தொடங்காதீர்கள். பெயர் நினைவுக்கு வரவில்லை என்றால் அவர்களுக்குச் சங்கடமாகி, "எனக்கு ஞாபகம் இல்லப்பா" என்று முடித்துவிடுவார்கள். இடத்தில் தொடங்குங்கள்: "அப்பத்தா, இது எந்தக் களம்?" "அம்மிச்சி, இந்தக் கிணறு யாருடையது?" இடம் பிடிபட்டால் மாதம் வரும், மாதம் வந்தால் வேலை வரும், வேலை வந்தால் அந்த வேலை செய்தவர்கள் பெயர் தானாக வரும்.

ஃபோனில் காட்ட வேண்டாம், ஏ4 தாளில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். வயதானவர்கள் படத்தைத் தடவிப் பார்ப்பார்கள், தூரப் பிடிப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். ஃபோனில் இது எதுவும் நடக்காது, விரல் பட்டு அடுத்த படம் வந்துவிடும். பேசுவதைப் பதிவு செய்வதென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேலையைப் பற்றி வேலை செய்தவரிடமே கேளுங்கள். நடவைப் பற்றி நிலத்துக்காரர் பொதுவாக நாள் கணக்கும் ஆள் கணக்கும் சொல்வார். நட்ட பெண்கள் நாற்று முடி எவ்வளவு கனம், தண்ணீர் எவ்வளவு நின்றது, கைக்குழந்தையை எங்கே தூளி கட்டிப் போட்டார்கள் என்பதைச் சொல்வார்கள். கவலை இறைத்தவரிடம் கேட்டால் சால், தும்பி, வடம் என்று ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் வரும். ஊருக்கு ஊர் பெயர் மாறும். கொங்கில் கவலை என்பது தெற்கே கமலை. அவர்கள் சொன்ன பெயரையே எழுதுங்கள், அகராதிச் சொல்லுக்கு மாற்ற வேண்டாம்.

பண்ணையாள், அடிமைப்பட்ட காலம் பற்றிய பேச்சு வரும். ஒருவருடைய தாத்தா இன்னார் பண்ணையில் ஆளாக இருந்தார் என்பதை அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் வெளியில் எழுதக் கூடாது. சிலர் கட்டாயம் எழுது என்பார்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். இரண்டும் அவர்கள் முடிவு.

ஊருக்கு வெளியே தேடுவது

வீட்டுப் படங்களோடு வைத்துப் பார்க்க, அரசும் ஆய்வாளர்களும் எடுத்தவை நிறைய இருக்கின்றன. அதிகம் பயன்படுவதும் அதிகம் பேர் கவனிக்காததும் 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம ஆய்வு நூல்கள்தான். அப்போது சென்னை மாநிலக் கணக்கெடுப்புக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர் பி.கே. நம்பியார். தேர்ந்தெடுத்த சில கிராமங்களுக்கு ஊருக்கொரு புத்தகம்: வீட்டு வரைபடம், கலப்பை, வண்டி, பாத்திரங்களின் கோட்டோவியம், கடைசியில் கறுப்பு வெள்ளைப் படங்கள். கணக்கெடுப்புத் துறையின் இணைய நூலகத்தில் தேடலாம். உங்கள் ஊர் அதில் இல்லாவிட்டாலும் பக்கத்துத் தாலுகா ஊர் ஒன்று கிடைத்தால், உங்கள் வீட்டுப் படத்தில் பாதி தெரியும் கருவியின் முழு வடிவத்தை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

படமில்லாத ஆவணம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916ல் தன் மாணவர்களை அனுப்பி இருவேல்பட்டு, வடமலைப்புரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி போன்ற ஊர்களை ஆராய்ந்து 1918ல் நூலாக்கினார். 1930களில் மறுபடி போய்ப் பார்த்தார்கள், அதற்கப்புறமும் இருவேல்பட்டுக்குப் பலமுறை போயிருக்கிறார்கள். கூலி எத்தனை படி, எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கணக்கெல்லாம் அதில் உண்டு. மரக்கால் தெரியும் படத்துக்கு இப்படிப்பட்ட எழுத்துதான் துணை.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955ல் தொடங்கியது. அதன் படக் காப்பகத்தில் லட்சத்துக்கும் மேல் படங்கள் உண்டு. பெரும்பாலும் கோயில்கள். மறுபடியும் ஓரத்தைப் பாருங்கள்: மதில் அருகே கட்டிய மாடு, கோபுரத்துக்குப் பின்னால் ஏரிக்கரை, தரையில் காயும் நெல். தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் திரட்டி மின்வடிவமாக்கிய தொகுப்பு ஒன்று, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் 'ஈஏபி 737' என்ற எண்ணில் இணையத்திலேயே இருக்கிறது. ஸ்டூடியோப் பின்திரை எப்படி இருக்கும், எந்தக் காலத்தில் என்ன மாதிரி அட்டை என்று கண் பழக இது நல்ல பள்ளிக்கூடம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பத்திரிகைகளின் உர, பம்பு விளம்பரங்களைப் பார்க்கலாம். கேம்பிரிட்ஜ் தெற்காசிய ஆய்வு மையத்தில், இங்கே வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்கள் எடுத்த சலனப் படங்கள் இலவசமாகவே உள்ளன.

வெளிநாட்டுத் தளங்களில் இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதி அகப்படாது. தஞ்சாவூருக்கு டாஞ்சூர், திருச்சிக்கு டிரிச்சினாபோலி, திருநெல்வேலிக்கு டின்னவெல்லி, ஏற்றத்துக்குப் பிகோட்டா என்று வெள்ளைக்காரர் எழுதிய விதத்திலேயே போட்டுத் தேடுங்கள்.

அப்புறம் வானத்திலிருந்து. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளான கொரோனா 1960 முதல் 1972 வரை எடுத்த படங்களின் ரகசியத் தடை 1995ல் நீக்கப்பட்டது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் 'எர்த் எக்ஸ்ப்ளோரர்' தளத்தில் உங்கள் ஊரைக் குறித்துத் தேடலாம். ஏற்கெனவே ஸ்கேன் ஆனவற்றுக்குப் பணம் கிடையாது. ஆளும் மாடும் தெரியாது, ஆனால் ஏரி எதுவரை இருந்தது, வாய்க்கால் எங்கே ஓடியது, இன்றைய பேருந்து நிலையம் அன்றைக்கு யார் வயல் என்பது தெரியும்.

எடுத்தவர் யார், எதற்கு?

வெளிக் காப்பகப் படங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1876–78 சென்னை மாகாணப் பஞ்சத்தைப் படமெடுத்த ராணுவ அதிகாரி ஹூப்பர், எலும்பும் தோலுமான மக்களை வரிசையாக உட்கார வைத்து ஸ்டூடியோ ஒழுங்கில் எடுத்தார். அந்தக் காலத்திலேயே அதற்குக் கண்டனம் வந்தது. எழும்பூர் அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909ல் ரங்காச்சாரியுடன் வெளியிட்ட ஏழு தொகுதிகளில், உழுகிறவரும் நெய்கிறவரும் ஒரு சாதியின் 'மாதிரி'யாக நிற்கிறார்களே தவிர ஆளாக இல்லை. பெரும்பாலும் பெயர்கூடக் கிடையாது. இந்தப் படங்களைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் 'வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதுமுன் பாருங்கள்: கலப்பைக்குப் பின்னால் உழுத சால் இருக்கிறதா, அல்லது படத்துக்காக நிறுத்தி வைத்த ஏரா? சேற்றில் நிற்பவரின் வேட்டி வெள்ளை வெளேர் என்று இருந்தால் யோசியுங்கள்.

நேர் எதிரான முன்மாதிரி, பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014ல் தொடங்கிய ஊரக இந்திய மக்கள் ஆவணக் களஞ்சியம், சுருக்கமாகப் பாரி. தமிழிலும் படிக்கலாம். அங்கே பழனி குமார் போன்றவர்கள் எடுத்த படங்களுக்குக் கீழே ஆளின் பெயர், ஊர், செய்யும் வேலை எல்லாம் இருக்கும். குறிப்பு எழுத அதைப் பார்த்துப் பழகலாம்.

குறிப்பும் உரிமையும்

ஒரு எக்செல் தாள் போதும். படத்தின் எண், கொடுத்த வீடு, ஊர், இடம், ஆண்டு (தோராயமா உறுதியா என்பதோடு), மையத்தில் இருப்பவர், ஓரத்தில் இருப்பவர்கள், தெரியும் கருவிகள், பயிர், இதைச் சொன்னவர், சொன்ன தேதி. 'ஓரத்தில் இருப்பவர்கள்' என்பதற்குத் தனிப் பத்தி வையுங்கள். வைத்தால்தான் நிரப்பத் தோன்றும். பெயர் கிடைக்கவில்லை என்றால் 'பெயர் கிடைக்கவில்லை' என்றே எழுதுங்கள், 'கூலிப்பெண்கள்' என்று எழுதி மூடிவிடாதீர்கள். கோப்புப் பெயரில் ஊரும் எண்ணும் இருந்தால் போதும். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

உரிமை பற்றிச் சுருக்கமாக: 2012 திருத்தத்துக்குப் பின் இந்தியாவில் படத்தின் பதிப்புரிமை எடுத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். ஆனால் காசு கொடுத்துச் சொல்லி எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவரே. ஆகவே பெரும்பாலான ஸ்டூடியோ, கல்யாணப் படங்களுக்கு அந்தக் குடும்பத்தின் அனுமதிதான் முக்கியம். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வரி போதும். விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் உலகத்தில் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்கும்கூட. இதைப் புரியும்படி சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்கள்.

படம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல அச்சுப் பிரதி கொடுங்கள். ஓரத்தில் நின்றவர்களின் வீடுகளுக்கும்.

இன்றைக்கு எடுக்க வேண்டியவை

பழையதைத் தேடும்போதே இப்போது நடப்பதையும் எடுத்து வையுங்கள். டெல்டாவில் நாற்று நடும் வடமாநிலத் தொழிலாளர்கள், அறுக்கிற பெல்ட் வண்டி, அதன் வாடகையை மணிக்கு இவ்வளவு என்று எழுதிய அட்டை, உருளையாகக் கட்டிய வைக்கோல், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கும் கருவி, தார்ப்பாயின் கீழ் நனையும் மூட்டைகள், நூறு நாள் வேலையில் தூர்வாரும் வாய்க்கால். சூரியன் மறைகிற நேரத்து நெற்கதிர்ப் படம் எல்லோரிடமும் இருக்கிறது, அதை விடுங்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், ஒவ்வொரு வருஷமும் ஆடியிலும் தையிலும் ஒரு படம் எடுத்தால் பத்து வருஷத்தில் அது எந்தப் புள்ளிவிவரத்தையும் விட அதிகம் சொல்லும்.

வேலை செய்கிறவரிடம் பெயரும் அன்றைய கூலியும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அவர் அனுமதித்தால் மட்டும். வருஷக் கடைசியில் முக்கியமானவற்றைக் காகிதத்தில் அச்சடித்து, பின்னால் பென்சிலில் ஊர், இடம், மாதம், பயிர், கூலி எழுதி உறையில் போட்டு வைத்துவிடுங்கள்.